இரவு இரண்டு மணிக்கு எழும்பும் நாய்

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது, யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இல்லை என்று கேட்டுத்தான் எங்கள் வேலை தொடங்கும். மனக்காயப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் உளசமூகப் பணியில் இருக்கும் எல்லோருக்கும் இது பழகிப்போன வரிசை. எங்கள் படிவத்தில் கோழி, ஆடு, மாடு எழுதவும் இடம் உண்டு, அது வாழ்வாதாரம் என்பதால். நாய்க்கு இடம் இல்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு அம்மாவின் கோப்பில் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் மூன்று வருடம் வீணாகப் போனது. அதை மற்றப் பணியாளர்களும் அறியவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மா சம்மதித்துத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். நாயின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அது பிறவுணி. எங்கள் பக்கம் வீதிக்கு ஒரு பிறவுணி இருக்கும்.

பின்னணி

அம்மாவுக்கு இப்போது 67 வயது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் அவருடைய வளவு. கணவர் மிளகாயும் கச்சானும் போட்ட தோட்டக்காரர். ஒரே மகள். 2009 தை (ஜனவரி) மாதம், போரின் கடைசி மாதங்களில், பொங்கலுக்கு முன்னமே, பக்கத்து வீட்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வெளிக்கிட்டார்கள். விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, கடைசியில் மாத்தளன் கடற்கரை. அந்த வழியை வன்னி ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மாத்தளனில் பங்குனி மாதம் கணவர் செல் (எறிகணை) பட்டு இறந்தார். கடற்கரை மணலில் பங்கர் (பதுங்குகுழி) வெட்டினால் பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்க எல்லோரும் சேலைகளைக் கிழித்து, பையாகத் தைத்து, மண் நிரப்பி அடுக்கினார்கள். அம்மாவும் தன் கூறைச்சேலை உட்பட இருந்ததையெல்லாம் தைத்தார். கணவரை அந்தப் பங்கருக்குள்ளேயே வைத்து, அந்த மண்மூட்டைகளையே மேலே அவிழ்த்துக் கொட்டி மூடினார்கள். "கால் மணித்தியாலம் கூட இல்லை பிள்ளை" என்று சொன்னார். முகத்தைக் கழுவித் துடைக்கத் தண்ணீர் இருக்கவில்லை. எட்டுச் சடங்கும் இல்லை, அந்தியேட்டிச் சடங்கும் இல்லை. சித்திரை (ஏப்ரல்) 20 ஆம் தேதி மக்களோடு மக்களாக வெளியே வந்து, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்த மெனிக்பாம் முகாமில் மகளோடு ஒரு வருடம் இருந்தார். 2010 இல் ஊர் திரும்பினார். தறப்பாள் கொட்டில், பிறகு தகரக் கொட்டில், பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாயில் ஒரு கல்வீடு. மகள் கல்யாணம் செய்து வவுனியாவுக்குப் போனாள். அம்மா வளவிலேயே தங்கினார்.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் காயத்தைப் பற்றி எழுதும்போது, அது ஆளுக்காள் தனித்தனியாகப் பட்ட காயம் மட்டும் அல்ல, சமூகம் முழுவதும் பட்ட காயம் என்பதையும், துக்கத்தை ஆற்றுவதில் சடங்குக்கு இருக்கும் இடத்தையும் வலியுறுத்தி வந்திருக்கிறார். அம்மாவின் கதையில் நான் உடனே கண்டது அதைத்தான். சடங்கு நடக்கவில்லை, அதனால் துக்கம் முடியவில்லை. அது சரியான கணிப்புத்தான். ஆனால் அது பாதிதான்.

எங்களிடம் வந்த விதம்

2018 மார்கழியில் பெய்த மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பல ஊர்களுக்குள் வெள்ளம் வந்தது. அம்மாவின் வளவிலும் முழங்கால் அளவு நின்றது. இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டுத் திரும்பிய அம்மா, அதன் பிறகு உறங்கவில்லை. திரும்பவும் மூட்டை கட்டியது, திரும்பவும் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கியது. 2019 மாசியில் ஊரின் குடும்பநல உத்தியோகத்தர் எனக்குத் தகவல் சொன்னார்.

நான் போனபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, வன்னியில் ஆயிரம் பேர் வாயில் கேட்டதுதான்: "ஒரே யோசினை." நெஞ்சு படபடப்பு, உடம்பு முழுக்க நோ, சாப்பாட்டில் மனமில்லை. இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். இரவு சரியாக இரண்டு மணிக்கு முழிப்பு வரும். அதன் பிறகு விடியும்வரை கதவடியில் குந்தியிருப்பார். ஆஸ்பத்திரி உளநலக் கிளினிக்கில் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுவும் மனச்சோர்வும் என்று சொல்லிக் குளிசை கொடுத்தார்கள். குளிசை உதவியது. பயம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் இரண்டு மணி மாறவில்லை. மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன், பெண்கள் குழுவில் சேர்த்தேன். குழுவுக்கு இரண்டு தடவை வந்தார். மூன்றாம் தடவை வரவில்லை.

பிறவுணி அப்போதும் அந்த வீட்டில்தான் இருந்தது. 2011 இல் வீதியோர மதகுக்குள் ஒரு கட்டாக்காலிப் பெட்டை போட்ட ஐந்து குட்டிகளில் ஒன்று. மகள்தான் தூக்கி வந்து பெயரும் வைத்தாள். குரங்கு கலைக்கும், இரவில் காட்டுப்பன்றி வந்தால் வேலியோரம் நின்று குலைக்கும். நான் படலையைத் திறந்தால் குலைத்துக்கொண்டு வந்து, மணந்து பார்த்துவிட்டு, வேம்படியில் போய்ப் படுக்கும். அம்மா வேளைக்குச் சோறு வைப்பார். ஆனால் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தடவிக் கொடுத்தும் பார்த்ததில்லை. இன்னொன்றும் இருந்தது. அந்த நாயின் கழுத்தில் பட்டியோ சங்கிலியோ ஒருநாளும் இருந்ததில்லை. இதெல்லாம் என் கண்ணில் பட்டது. குறிப்பில் எழுதவில்லை.

2021 இல் மகள் அம்மாவை வவுனியாவுக்குக் கூப்பிட்டாள். வாடகை வீடு, நாய் வைக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் நாயைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். நானும் போகச் சொல்லி வற்புறுத்தினேன். அம்மா மாட்டேன் என்றார். காரணம் கேட்டால், "அது நிக்குதெல்லே" என்பார், அவ்வளவுதான். அன்று நான் கோப்பில் எழுதியது: "வளர்ப்பு நாயில் மிகையான பற்று. உறவுகளிடமிருந்து விலகல்." தொட்டுக்கூடப் பார்க்காத நாயில் எப்படி மிகையான பற்று இருக்கும் என்று நான் அப்போது என்னையே கேட்டிருந்தால், அம்மாவின் கதை அன்றைக்கே எனக்குக் கிடைத்திருக்கும்.

நாய்க்கு வயது வந்தது

2022 இன் பொருளாதார நெருக்கடி நினைவிருக்கும். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை, மண்ணெண்ணெய் இல்லை, மருந்துக்குத் தட்டுப்பாடு. என் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் கிடைக்காததால் நான்கு மாதம் அம்மாவைப் போய்ப் பார்க்க முடியவில்லை. தொலைபேசியில் கதைத்தோம். அந்த மாதங்களில்தான் பிறவுணிக்கு நோய் வந்தது.

பதினொரு வயது நாய். அதற்கு முன்னமே பின்னங்கால் பிடித்துக்கொண்டு எழும்பக் கஷ்டப்பட்டிருக்கிறது. இடது கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. அம்மா அதற்கு நோ என்று கண்டு, கிளினிக்கில் தன் மூட்டு வலிக்குத் தந்த குளிசையில் பாதியை உடைத்துச் சோற்றுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார். மூன்று நாள். தனக்குக் கொடுத்ததில் பாதி. வேறு எதுவும் தெரியாத அன்பு அது. ஆனால் மனிதருக்குக் கொடுக்கும் வலிக்குளிசைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அரித்துவிடும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் இரண்டும் நாய்க்கு விஷம்தான், பனடோல் கூடப் பாதுகாப்பானதல்ல. பிறவுணி இரத்தமாகச் சத்தி எடுத்தது. அம்மா உடனே நிறுத்தினார். அதற்கு அடுத்த கிழமை சாப்பாட்டை விட்டது. முரசு (பல் ஈறு) வெளுத்து, சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறத்தில் போனது.

இந்த இடத்தில் அம்மா செய்ததை நான் பல தடவை நினைத்துப் பார்ப்பேன். கிளினிக்குக்குக்கூட மகளோ நானோ கூட்டிப் போனால்தான் வருகிற மனுசி. தனியாக பஸ் ஏறி வருடக்கணக்கு. அன்று விடிய ஐந்து மணிக்கு, பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கி, கரியரில் பெட்டி கட்டி, அதற்குள் சாக்கு விரித்து நாயைப் படுக்கவைத்து, ஏழு கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ஓடிப் போகவில்லை, தள்ளிக்கொண்டுதான். சைக்கிள் ஓடத் தெரியாது.

மிருக வைத்தியர் உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடிக்கும்போது உடம்புக்குள் போகும் கிருமி இரத்தத்தின் செங்கலங்களை உடைத்துவிடும். அதனால்தான் முரசு வெளுக்கும், சிறுநீர் நிறம் மாறும். ஊசி போட்டு, டொக்சிசைக்கிளின் எழுதிக் கொடுத்தார். அதை வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது, தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். வலிக்குளிசை கொடுத்ததைக் கேட்டு ஏசினார். கண்ணைப் பார்த்து, வலது கண்ணில் இருப்பது வயதுக்கு வரும் நீலப் புகார் (மங்கல்), பார்வை இருக்கும், இடது கண்ணில்தான் கற்றரக்ற் (கண்புரை) என்று பிரித்துச் சொன்னார். அப்புறம் முக்கியமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: மருந்தை விட உண்ணி எடுப்பதுதான் பெரிய வேலை. ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும், சுவர் வெடிப்புக்குள் போய் இடும். நாளாந்தம் கையால் எடுக்கவேண்டும். ஊரில் செய்வது போல மண்ணெண்ணெயோ கழிவு எண்ணெயோ பூசக்கூடாது, தோல் வெந்துபோகும்.

நாளாந்தம், கையால். பதினொரு வருடம் தொடாத நாயை அம்மா அன்று பின்னேரம் தொட்டார்.

உண்ணி

பெற்றோல் கிடைக்கத் தொடங்கி நான் திரும்பப் போனபோது பின்னேரம் நாலரை மணி. அம்மா விறாந்தைப் படியில் காலை நீட்டி இருந்தார். மடியில் நாயின் தலை. பக்கத்தில் ஒரு சிரட்டை, பாதிக்குச் சவர்க்காரத் தண்ணீர். காதின் உட்புறத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்து, பெருவிரலாலும் நகத்தாலும் தோலோடு ஒட்டப் பிடித்து, நேராக மேலே இழுத்துச் சிரட்டைக்குள் போடுவார். நசுக்கமாட்டார். காது முடிந்தால் கழுத்து, பிறகு கால்விரல் இடுக்குகள். விரல் இடுக்குக்கு வரும்போது நாய் காலை இழுக்கும். "சரி சரி, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே முடிக்கமாட்டார். முக்கால் மணித்தியாலம் எடுக்கும். நானும் பக்கத்தில் இருந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை.

மூன்றரை வருடத்தில் அவர் அதிகம் கதைத்தது அன்றுதான். கண்ணைப் பார்க்காமல், கை வேலையில் இருந்ததால் கதைக்க முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2015 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் ஒக்சிரோசின் கூடுகிறது என்று காட்டினார்கள். தாயும் குழந்தையும் பார்க்கும்போது கூடுகிற அதே சுரப்பு. இங்கே நாயின் ஒரு கண் வெள்ளை, மறுகண் புகார். இந்த வீட்டில் பார்க்கும் வேலையைக் கை செய்தது.

அன்றிலிருந்து என் வருகையை உண்ணி எடுக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். எங்கள் ஆலோசனை அறை அந்தப் படிதான். நான்காவது பின்னேரமோ ஐந்தாவதோ, கழுத்து மயிரை விலக்கிக்கொண்டே சொன்னார்:

"பிள்ளை, எங்களிட்டை முந்தியும் ஒரு நாய் நிண்டது."

2009 தையில் வெளிக்கிடும்போது கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டார்கள். உழவு இயந்திரத்தில் இடமில்லை. கட்டிவிட்டுப் போனால் பட்டினியில் சாகும், அவிழ்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று அன்று எத்தனையோ வீடுகளில் செய்தார்கள். அது பெட்டிக்குப் பின்னால் ஓடி வந்தது. வீதி முழுக்க வாகனமும் சனமும். விசுவமடுச் சந்திவரை கண்டாராம். நாக்கை வெளியே போட்டுக்கொண்டு, சக்கரங்களுக்கு இடையால் ஓடி வந்ததாம். அதற்குப் பிறகு காணவில்லை.

"அவிட்டுவிட்டது நான்தான். அவர் ஏத்துவம் எண்டவர். நான்தான் வேண்டாம் எண்டனான்."

இதை அவர் பதின்மூன்று வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளுக்குக்கூட. ஏன் என்று கேட்டேன். "சனம் புருசனையும் பிள்ளையையும் குடுத்திட்டு நிக்குது. நான் நாயைப் பற்றிக் கதைக்கலாமோ?" என்றார். பிறகு, "தருமர் நாயை விட்டிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டன் எண்டவராம். கோயில்ல படிக்கேக்க கேட்டனான். அண்டைக்கு எழும்பி வந்திட்டன்" என்றார்.

இந்த நாயை ஏன் கட்டவில்லை, ஏன் தொடவில்லை, ஏன் வவுனியாவுக்குப் போகவில்லை என்ற மூன்று கேள்விக்கும் விடை அங்கே இருந்தது. கணவரின் சாவுக்கு அவர் தன்னைக் குற்றம் சொல்லவில்லை, அது செல்லின் வேலை. அவர் தன் கையால் செய்தது என்று சுமந்தது, கயிற்றின் முடிச்சை அவிழ்த்ததை. பெரிய துக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத் தெரிகிற துக்கங்களை எங்கள் சனம் வெட்கத்தோடு ஒளித்து வைத்திருக்கிறது. கேட்டால்தான் வரும். அதுவும் நேராகக் கேட்டால் வராது.

அவருக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அன்று உழவு இயந்திரப் பெட்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். எண்ணிப் பார்த்தார். பதினேழு. அதில் ஏழு குழந்தைகள். "பதினேழு" என்று திரும்பச் சொன்னார். அன்று சிரட்டை நிரம்பியது.

இரண்டு மணி

பிறவுணி காய்ச்சலில் இருந்து தேறியது. ஆனால் 2023 இல் வேறொன்று தொடங்கியது. இரவு நடுச்சாமத்தில் எழும்பி, வீட்டுக்குள் சுற்றி, ஒரு மூலையில் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டு நின்று முனகும். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கும். நாய்களுக்கும் வயதில் மூளை தளரும். அல்சைமர் வந்தவர்களின் மூளையில் படிகிற அதே வகைப் புரதம் வயதான நாய்களின் மூளையிலும் படிகிறது. இரவும் பகலும் மாறிப்போகும், பழகிய வீட்டில் வழி தப்பும். மாற்ற மருந்து கிடையாது, பழக்கத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம்.

மூளை தளர்ந்த நாய் எழும்பும் நேரமும் அம்மா முழிக்கும் நேரமும் ஒன்று, இரவு இரண்டு மணி.

அம்மா கட்டிலை விட்டு எழும்பி, நாயின் கழுத்தடியில் கையை வைத்து மெல்லத் திருப்பி, விறாந்தைக்குக் கொண்டுவருவார். வளவை ஒரு சுற்று. கிணத்தடி, வேம்பு, படலை, பிறகு வீடு. வேம்படியில் அது சிறுநீர் கழிக்கும். திரும்பி வந்து சாக்கில் படுக்கும். அம்மா பக்கத்தில் பாயைப் போட்டு அதன் விலாவில் கை வைத்திருப்பார், மூச்சு ஒரு சீருக்கு வரும்வரை. அப்படியே அவரும் உறங்கிவிடுவார்.

வருடக்கணக்காக இரண்டு மணிக்கு முழித்து, விடியும்வரை செய்ய எதுவும் இல்லாமல் கதவடியில் இருந்தவர். இப்போது அந்த நேரத்துக்கு ஒரு வேலை இருந்தது. வேலை முடிந்தால் படுக்கலாம். நான் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை அவர் செய்ததே இல்லை. நாயின் மூச்சை எண்ணினார்.

இதை ஒரு முறையாக எழுதி மற்றவர்களுக்குக் கொடுக்க முடியாது. "நாய் வளருங்கள்" என்று ஆலோசனை சொல்ல நான் வரவில்லை. அந்த நாய் காவலுக்கு ஓடிக்கொண்டிருந்த பத்து வருடமும் அம்மாவுக்கு ஒரு மாற்றமும் இல்லை. துணை இருந்தது, ஆனால் துணை ஆற்றவில்லை. அது விழத் தொடங்கிய பிறகுதான் அவர் எழும்பினார். மாத்தளனில் அவருக்குக் கிடைக்காதது ஒரு உயிரின் பக்கத்தில் அவசரமில்லாமல் இருப்பது. தண்ணீர் பருக்க, துடைக்க, புரட்டிப் படுக்கவைக்க, நேரம் எடுத்து. அந்த நேரம் நாயின் முதுமை வழியாக வந்தது. இது என் கணிப்பு. கிளினிக் வைத்தியர் குளிசையின் பங்கையும் மறக்கவேண்டாம் என்றார், அதுவும் சரிதான்.

அதே வருடம் ஐப்பசியில் ஒரு பின்னேரம் நல்ல இடி. நான் அங்கே இருந்தேன். முந்தி இடி இடித்தால் நாயும் அம்மாவும் ஒரே கட்டிலுக்குக் கீழேதான் போவார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். இப்போது பிறவுணிக்குக் காது கேட்பதில்லை. வாசலில் நீட்டி நிமிர்ந்து படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் அதிர ஒரு இடி விழுந்தது. அம்மா பாதி எழும்பினார், கை சுவரைப் பிடித்தது. பிறகு நாயைப் பார்த்தார். அதன் ஒரு காது மட்டும் இலையான் பட்டதுக்கு ஆடியது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது படுத்திருக்குது" என்றார். திரும்பவும் இருந்தார்.

பராமரிப்பு

அவர் செய்துவைத்திருப்பதைப் பார்த்து மிருக வைத்தியரே வியந்தார். சீமெந்துத் தரையில் கால் வழுக்காமல் இருக்க படுக்கையில் இருந்து வாசல்வரை சாக்கு விரித்து ஓரங்களைத் தைத்திருக்கிறார். முழங்கையில் புண் வராமல் இருக்க பழைய பஞ்சுத் தலையணை. சாப்பாட்டுப் பேணியைக் கல்லின் மேல் வைத்திருக்கிறார், குனியத் தேவையில்லை. வீட்டுச் சாமான் எதையும் இடம் மாற்றுவதில்லை. சூடை மீனை உப்பு, தூள், வெங்காயம் போடாமல் அவித்து, முள் எடுத்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, முதலில் மூக்குக்கு நேரே பிடிப்பார். கண்ணும் காதும் போன பிறகும் மூக்கு நிற்கும்.

பின்னங்கால் இப்போது அதிகம் தாங்குவதில்லை. வயிற்றுக்குக் கீழால் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க ஒரு பட்டி தைத்திருக்கிறார். பழைய நைலெக்ஸ் சேலை, நான்காக மடித்து, கையால் இரட்டைத் தையல். நான் தையலைத் தடவிப் பார்த்தேன். "மண்மூட்டை தைச்ச கைதானே, பிரியாது" என்றார். குரல் மாறவில்லை. மாத்தளன் சேலைகளைப் பற்றி 2019 இல் சொன்னபோது பேச்சை முடிக்க முடியாமல் எழும்பிப் போனவர்.

இறப்புச் சான்றிதழ், காணி உறுதி, குடும்ப அட்டை எல்லாம் அவர் ஒரு சொப்பிங் பையில் வைத்திருப்பார். மாத்தளனுக்கும் முகாமுக்கும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு போன பழக்கம், வன்னியில் இன்றும் எத்தனையோ வீடுகளில் அந்தப் பை ஆணியில் தொங்கும். வெள்ளம் வந்தால் முதலில் எடுப்பது அதைத்தான். போன வருடம் அதைத் திறந்தபோது, கணவரின் சான்றிதழுக்குப் பின்னால் பிறவுணியின் விசர்நாய்த் தடுப்பூசி அட்டைகள் இருந்தன. வருடவாரியாக, இறப்பர்பாண்ட் போட்டு.

2024 வைகாசியில் (மே), போர் முடிந்த பதினைந்தாவது வருடம், அது முடிந்த இடமான முள்ளிவாய்க்காலுக்குப் போகவேண்டும் என்று தானாகச் சொன்னார். அதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. 18 ஆம் தேதி மகளும் நானும் கூடப் போனோம். வழியில் மாத்தளனிலும் இறங்கினோம். எந்த இடம் என்று அவருக்குத் தெரியவில்லை, மணலும் அடம்பன் கொடியும்தான். ஒரு கைப்பிடி மண் எடுத்து, திரும்ப அங்கேயே விட்டார். முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றி அழுதார், நிறைய. மகள் அன்றிரவு முல்லைத்தீவில் உறவினர் வீட்டில் தங்குவோம் என்றாள். அம்மா முகத்தைத் துடைத்துவிட்டு, "இல்லைப் பிள்ளை, நாய்க்குச் சோறு வைக்கவேணும்" என்றார். ஆறு மணிக்கு முன் வீட்டில் நின்றோம்.

இப்போது

கிளினிக்கில் குளிசை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. ஐந்து மணித்தியாலம் உறங்குகிறார். மகள் வீட்டுக்குப் போவதில்லை, மகள்தான் லீவுக்குப் பேத்தியோடு வந்து நிற்கிறாள். பேத்திக்கு உண்ணி எடுக்கத் தெரியும். தீபாவளி வெடிக்கு அம்மா இன்னும் நடுங்குகிறார். "யோசினை" போய்விட்டதா என்று கேட்டால், "அது போகாது. ஆனா இப்ப அது மட்டும் இல்லை" என்கிறார்.

நாய்தான் நன்றியுள்ளது என்று நாம் சொல்வோம். அம்மா அப்படிச் சொல்வதில்லை. "அதுக்கு நான் கடன்" என்கிறார். முதல் நாய்க்கும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது.

பிறவுணிக்கு இப்போது பதினான்கு. சிறுநீரகமும் தளர்கிறது. நோ தாங்காத நிலை வந்தால் ஊசி போட்டு உறங்கவைக்கலாம் என்று மிருக வைத்தியர் பக்குவமாகச் சொன்னார். அம்மா மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. "சாப்பிடுமட்டும் இருக்கட்டும். சாப்பாட்டை விட்டா வாறன்" என்றார். நானும் மகளும் அதற்கு மேல் கேட்கவில்லை. வேம்புக்குக் கிழக்கே, கிணத்துத் தண்ணீர் போகும் இடத்தில் மண் மெது. அந்த இடத்தைக் காட்டினார். கோடையில் மற்ற இடமெல்லாம் கல்லாகக் கிடக்கும் என்றார். தோண்டி வைக்கவில்லை, உயிரோடு இருக்கிறதுக்குக் குழி வெட்டக்கூடாது என்கிறார். கிழியாத ஒரு வெள்ளை வேட்டி மட்டும் எடுத்துத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறார்.

போன கிழமை போனபோது சேலைப் பட்டியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேம்படிக்கு நடத்திக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் மற்றத் தலைப்பைப் பிடித்தேன்.

"அவ்வளவு தூக்காதேங்கோ பிள்ளை" என்றார். "கால் நிலத்தில படட்டும்."